கறுப்பு வெள்ளைப் படத்தில் பச்சை எங்கிருந்து வருகிறது?

போன மாரியில் களுவாஞ்சிகுடிப் பக்கமிருந்து ஓர் அம்மா வந்தார். கணவரின் 31ஆம் நாளுக்குப் படம் பெரிதாக்க வேண்டும் என்றார். கையில் இருந்தது பழைய அடையாள அட்டை ஒன்றுதான். வீட்டிலிருந்த மற்றப் படங்களெல்லாம் 2004 சுனாமியோடு போய்விட்டன. அட்டையில் முத்திரையளவு இருந்த கறுப்பு வெள்ளைப் படத்தை ஸ்கேன் செய்து, கீறல்களை அழித்து, பளபளப்பான போட்டோப் பேப்பரில் ஏ4 அளவுக்கு எடுத்துக் கொடுத்தேன். டியூப் லைட் வெளிச்சத்தில் நன்றாகத்தான் இருந்தது. வாசல்வரை போனவர் அப்படியே திரும்பி வந்தார்.

"மனே, இவர்ர முகம் ஏன் பச்சையாக் கிடக்கு?"

வாங்கிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. கன்னத்திலும் நெற்றியிலும் மெல்லிய பாசி படிந்ததுபோல் ஒரு பச்சை.

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ பிரிண்டர் வைத்துப் படம் எடுக்கிற யாரைக் கேட்டாலும் இந்தக் கதை இருக்கும். பச்சை இல்லாவிட்டால் ஊதா, அதுவும் இல்லாவிட்டால் செம்மண் நிறம். காரணம் ஆளுக்கொன்று சொல்வார்கள்: மை கூடாது, மெஷின் பழசு, 'கிரேஸ்கேல்' என்ற கறுப்பு வெள்ளைத் தெரிவைப் போடாமல் விட்டிருப்பாய். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் ஒரு செட்டிங்கை மாற்றி, அது சரிவராமல் இன்னொன்றை மாற்றிக்கொண்டு போனால், பேப்பரும் மையும் முடியும், சாயல் போகாது. எங்கள் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் மிஞ்சியிருப்பது ஒரேயொரு முகம், ஒரேயொரு படம். அதைப் பச்சையாகக் கொடுக்கக் கூடாது. அதனால்தான் இதை அடியிலிருந்து எழுதுகிறேன்.

## சாம்பல் நிறத்துக்கு மைப் போத்தல் இல்லை

சாதாரண வீட்டு இன்க்ஜெட் பிரிண்டரில், அதாவது மைத்துளி தெளித்துப் படம் எடுக்கும் மெஷினில், நான்கு மை இருக்கும்: கறுப்பு, சயன், மஜென்டா, மஞ்சள். சயன் என்பது பச்சை கலந்த நீலம். மஜென்டா என்பது கடும் ரோசா. இந்த நான்கில் சாம்பல் இல்லை. ஆனால் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை உற்றுப் பார்த்தால் சுத்தக் கறுப்பும் சுத்த வெள்ளையும் மிகக் கொஞ்சம்தான். முகம், சட்டை, பின்னால் தெரியும் சுவர் எல்லாமே பல தரத்துச் சாம்பல்.

மருதமுனைக் கைத்தறிச் சாரம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். கறுப்பு நூலும் வெள்ளை நூலும் நெருக்கமாக மாறிமாறி ஓடிய துணி, தள்ளி நின்று பார்த்தால் சாம்பலாகத் தெரியும். மடியில் விரித்துப் பார்த்தால் சாம்பல் நூல் ஒன்றுகூட அதில் இருக்காது. பிரிண்டர் செய்வதும் இதுதான். நூலின் இடத்தில் மைத்துளி, வெள்ளை நூலின் இடத்தில் மை விழாத வெறும் பேப்பர். துளியின் அளவு சில பிக்கோலீற்றர்தான். ஒரு லீற்றரை இலட்சம் கோடி பங்காக்கினால் ஒரு பங்கு எவ்வளவோ, அதுதான் ஒரு பிக்கோலீற்றர்.

சரி, அப்படியென்றால் கறுப்பு மையை மட்டும் புள்ளிபுள்ளியாகப் போட்டால் வேலை முடிந்ததே? போடலாம். ஆனால் நெற்றி, வெள்ளைச் சட்டை போன்ற வெளிச்சமான இடங்களில் கறுப்புப் புள்ளிகள் எட்டியெட்டி விழும். மிளகுத்தூள் தூவினதுபோல் கண்ணில் படும். கலர் மைகள் கறுப்பைவிட வெளிர்ந்தவை, அவற்றின் புள்ளி அவ்வளவு தெரியாது. ஆகவே மெஷின் மூன்று கலர் மையையும் கலந்தே சாம்பலைச் செய்கிறது.

நகைக்கடையில் கல் பார்க்கும் சின்ன லென்ஸ் ஒன்று என்னிடம் இருக்கிறது. அந்த அம்மா திருப்பித் தந்த படத்தில், கணவரின் காதோரத்து நரையின் மேல் அதை வைத்துப் பார்த்தேன். நரை அங்கே இல்லை. நீலப் புள்ளி, பக்கத்தில் ஒன்றிரண்டு ரோசாப் புள்ளி, இடையில் வெள்ளை. மஞ்சளும் இருக்கும், ஆனால் வெள்ளைப் பேப்பரில் மஞ்சள் புள்ளி கண்ணுக்குப் பிடிபடாது. லென்ஸை எடுத்துவிட்டுப் பார்த்தால் மறுபடி நரை. உங்களிடம் லென்ஸ் இல்லாவிட்டால் கிட்டப் படம் எடுக்கக்கூடிய ஃபோன் போதும். இதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் மிச்சமெல்லாம் தானாக விளங்கும்.

'கிரேஸ்கேல்' என்ற தெரிவைப் பற்றி இருக்கும் பெரிய தவறான எண்ணமும் இங்கேதான். அதைப் போட்டால் கறுப்பு மை மட்டும் போகும் என்று பலர் நம்புகிறார்கள். கிரேஸ்கேல் என்றால் படத்தின் தகவலிலிருந்து நிறத்தை எடுத்துவிட்டு வெளிச்ச அளவை மட்டும் வைத்துக்கொள் என்றுதான் பொருள். அந்த வெளிச்ச அளவை எந்த மையால் பேப்பரில் கொண்டுவருவது என்பது வேறு தீர்மானம். அது மெஷினையும் நீங்கள் தெரிவு செய்த பேப்பர் வகையையும் பொறுத்தது. போட்டோப் பேப்பரில் கிரேஸ்கேல் போட்ட பிறகும் கலர் மை இறங்கினால் மெஷின் பழுது என்று நினைக்க வேண்டாம்.

## மூன்றும் ஒத்து நிற்க வேண்டும்

பேப்பரில் விழும் வெள்ளை வெளிச்சத்துக்குள் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் இருக்கின்றன. சயன் மை சிவப்பை விழுங்கும். மஜென்டா பச்சையை விழுங்கும். மஞ்சள் நீலத்தை விழுங்கும். மூன்றும் ஒரேயளவு விழுங்கப்பட்டால் மிஞ்சித் திரும்பும் வெளிச்சம் சாம்பல். ஒன்று குறைந்தால், அது விழுங்கியிருக்க வேண்டிய நிறம் தப்பித்து உங்கள் கண்ணுக்கு வந்துவிடும். மஜென்டா குறைந்தால் பச்சை தப்பும். மஞ்சள் குறைந்தால் நீலம் தப்பும். சயன் குறைந்தால் சிவப்பு தப்பும். சாம்பலாக இருக்க வேண்டிய இடத்தில் இப்படி ஏறி நிற்கும் வேற்று நிறத்தை நிறச்சாயல் என்று சொல்வோம்.

கலர்ப் படத்திலும் இதே பிழை நடக்கிறது, ஆனால் தெரிவதில்லை. மீன் குழம்பில் ஒரு சிட்டிகை மஞ்சள் கூடினால் யார் கண்டார்கள்? அதே சிட்டிகை பாற்சோற்றில் விழுந்தால் சின்னப் பிள்ளையும் கேட்கும். அதனால் 'கலர்ப் படம் நல்லா வருகுது, மெஷின் சரிதான்' என்பது கறுப்பு வெள்ளைக்குச் செல்லாது.

இதில் இன்னொரு சிக்கல். மையெல்லாம் ஏட்டில் உள்ளதுபோல் சுத்தமாக விழுங்குவதில்லை. மூன்றையும் சரிசமமாகப் போட்டால் பெரும்பாலும் மண்நிறம்தான் வரும். ஆகவே சாம்பலின் ஒவ்வொரு தரத்துக்கும் எந்த மை எவ்வளவு என்று ஒரு சமையல் குறிப்பு வேண்டும். அந்தக் குறிப்பை வைத்திருப்பது டிரைவர், அதாவது கணினிக்கும் பிரிண்டருக்கும் நடுவே நின்று படத்தின் எண்களை மைத்துளிகளாக மாற்றும் மென்பொருள். அந்தக் குறிப்பு ஒரு குறிப்பிட்ட மைக்கும் ஒரு குறிப்பிட்ட பேப்பருக்கும் என்று எழுதப்பட்டது. மெஷின் கொம்பனியின் மைக்கு எழுதின குறிப்பை வைத்துக்கொண்டு வேறு மையை ஊற்றினால், கைமாறின மிளகாய்த்தூளில் பழைய அளவுக்குக் கறி வைத்தது மாதிரித்தான்.

பழைய ஸ்டூடியோக்காரர்களுக்கு இந்தத் தொல்லை இருக்கவில்லை. சிவப்பு லைட் எரியும் இருட்டறையில் அவர்கள் கழுவியெடுத்த படத்தில் கறுப்பைத் தந்தது வெள்ளி. வெளிச்சம் பட்ட இடத்தில் நுண்ணிய வெள்ளித் துகள் கறுப்பாக நிற்கும், படாத இடம் வெறுமையாகிவிடும். ஒரே பொருள், ஆகவே சமநிலை குலைய அங்கே எதுவும் இல்லை. அறுபது வருடத்துக்கு முந்தின படத்தில் முகம் இன்னும் அவ்வளவு அமைதியாக இருப்பதற்கு அது ஒரு காரணம்.

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: இன்க்ஜெட் பிரிண்டரின் சாம்பல் பெரும்பாலும் மூன்று கலர் மையின் கலவை. கலவை சரிந்தால் சாயல் வரும். கலவையைத் தீர்மானிப்பது டிரைவரிலுள்ள குறிப்பு.

## பேப்பர் வகை என்ற பெட்டி

பிரிண்ட் கொடுக்கும்போது 'பேப்பர் டைப்' அல்லது 'மீடியா டைப்' என்று ஒரு பெட்டி வரும். கொமியூனிகேஷன் கடைகளில் அவசரத்தில் அதைத் தொடுவதே இல்லை. உள்ளே போட்டோப் பேப்பர் இருக்கும், பெட்டியில் 'பிளெயின் பேப்பர்' என்று கிடக்கும். அந்தப் பெட்டி மெஷினுக்கு வெறும் பெயர் சொல்வதில்லை. எந்தக் குறிப்பை எடுப்பது, எவ்வளவு மை கொட்டுவது, எந்த மையை விடுவது எல்லாம் அதில்தான் முடிவாகிறது.

மை இரண்டு வகை. நிறம் தண்ணீரில் முழுதாகக் கரைந்திருந்தால் டை மை. நுண்ணிய நிறத்துகள்கள் கரையாமல் மிதந்தால் பிக்மென்ட் மை. பல நான்கு மை மெஷின்களில் கறுப்பு பிக்மென்ட், மற்ற மூன்றும் டை. பிக்மென்ட் கறுப்பு எழுத்துக்கு அருமை. ஆனால் பளபளப்புப் பேப்பரில் அது ஊறிப் பிடிக்காது, விரல் பட்டால் இழுபடும். ஆகவே நீங்கள் 'குளொசி' என்று சொன்னவுடன் அப்படியான மெஷின் கறுப்புப் போத்தலை ஒதுக்கிவிட்டு, சயன், மஜென்டா, மஞ்சளாலேயே கறுப்பையும் செய்கிறது. கறுப்பு வெள்ளைப் படமாகவே எடுத்தும் கறுப்பு மை இறங்கவில்லை, கலர் மைதான் இறங்குகிறது என்று நண்பர் ஒருவர் கேட்டதற்கு விடை இதுதான். முழுப் பாரமும் மூன்று மையின் தலையில் விழுவதால் சாயல் வர வாய்ப்பும் அங்கேதான் அதிகம்.

படத்துக்கென்றே செய்த பெரிய மெஷின்களில் கறுப்போடு சாம்பல், இளஞ்சாம்பல் என்று தனி மையே இருக்கும். அப்படியான எப்சன் மெஷின்களில் 'அட்வான்ஸ்ட் பிளாக் அண்ட் வைட் போட்டோ' என்று ஒரு தெரிவு வருகிறது. அதில் சாம்பல் மைகள்தான் வேலையின் பெரும்பகுதியைச் செய்கின்றன, கலர் மை தொட்டுக்கொள்ள மட்டும். உங்கள் மெஷினில் இப்படி ஒன்று இருந்தால் வேறு எதையும் யோசிக்காமல் அதையே எடுங்கள்.

## கடிகாரத்தை இரண்டு பேர் திருத்தினால்

சுவர்க் கடிகாரம் ஐந்து நிமிடம் பிந்தி ஓடுகிறது. காலையில் அண்ணன் பார்த்து ஐந்து நிமிடம் முன்னுக்குத் தள்ளிவிட்டுப் போகிறார். கொஞ்சநேரத்தில் தங்கச்சி, கடிகாரம் பிந்துகிறது என்று அம்மா நேற்றுச் சொன்னதை நினைத்துக்கொண்டு, அவளும் ஐந்து நிமிடம் தள்ளுகிறாள். இருவர் செய்ததும் சரி. கடிகாரம் பிழை.

படம் எடுக்கும்போது இது ஓயாமல் நடக்கிறது. நிறத்தைத் திருத்தக்கூடியவர்கள் இரண்டு பேர். ஒருவர் போட்டோஷொப் போன்ற படச் செயலி. மற்றவர் டிரைவர். செயலி திருத்துவதற்கு வைத்திருப்பது புரொஃபைல் என்ற கோப்பு. இந்த மெஷின், இந்த மை, இந்தப் பேப்பர் மூன்றும் சேர்ந்தால் நிறம் எந்தப் பக்கம் சரியும் என்ற விபரம் அதில் இருக்கும். தன் தராசு 50 கிராம் கூட்டிக் காட்டும் என்று தெரிந்த மீன்காரர் அதைக் கழித்து விலை சொல்வதுபோல், செயலி அந்தச் சரிவைக் கழித்து எண்களை அனுப்பும். டிரைவர் அது தெரியாமல் தானும் ஒருமுறை கழித்தால் படம் எதிர்ப்பக்கம் சாயும். பெரும்பாலும் முகமெல்லாம் ஊதாவோ ரோசாவோ ஏறி, இருட்டிப்போய் வரும்.

ஆகவே ஒருவர் மட்டும் திருத்த வேண்டும். செயலி திருத்துவதென்றால் பிரிண்ட் பெட்டியில் 'போட்டோஷொப் மெனேஜஸ் கலர்ஸ்' என்று வைத்து, பேப்பருக்குரிய புரொஃபைலைத் தெரிவு செய்து, டிரைவருக்குள் போய் அதன் திருத்தத்தை நிறுத்திவிட வேண்டும். எப்சனில் அது 'நோ கலர் அட்ஜஸ்ட்மென்ட்'. கெனனில் கலர் பகுதியை 'மெனுவல்' ஆக்கி, 'மெச்சிங்' என்ற பக்கத்தில் 'நன்'. டிரைவர் திருத்துவதென்றால் செயலியில் 'பிரிண்டர் மெனேஜஸ் கலர்ஸ்' என்று வைத்துவிட்டு டிரைவரை அதன் வழியில் விடுங்கள்.

புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்வது இரண்டாவது வழி. நல்ல புரொஃபைல் கையில் இல்லாமல் முதல் வழிக்குப் போவதால் பயனில்லை. டிரைவரின் கறுப்பு வெள்ளைத் தெரிவைப் பாவிக்கும்போதும் இரண்டாவது வழிதான். அந்தத் தெரிவுக்குக் கலர்ப் புரொஃபைல் பொருந்தாது.

## சேலைக்கடை வாசல்

அந்த அம்மா ஏன் உள்ளே பச்சையைக் காணவில்லை? சேலைக்கடையில் எங்கள் பெண்கள் செய்வதை நினைத்துப் பாருங்கள். சேலை பிடித்துப்போனால் முதலில் வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்துப் பார்ப்பார்கள். கடை லைட்டில் மெரூனாக இருந்தது வெளியில் வேறாகத் தெரியலாம் என்று அவர்களுக்கு அனுபவத்தில் தெரியும். டியூப் லைட்டின் வெளிச்சமும் சூரிய வெளிச்சமும் கண்ணுக்கு இரண்டுமே வெள்ளைதான், ஆனால் அவற்றுக்குள் நிறங்கள் இருக்கும் விகிதம் ஒன்றல்ல. கலர் மைகளைக் கலந்து செய்த சாம்பல் ஒரு வெளிச்சத்தில் ஒத்து நின்று, இன்னொன்றில் குலையும். இதற்கு மெட்டமெரிசம் என்று பெயர்.

இதை முழுதாக ஒழிக்க முடியாது. கலர் மை எவ்வளவு குறைவாகச் சேர்கிறதோ அவ்வளவுக்கு இதுவும் குறையும். நான்கு மை மெஷின் வைத்திருப்பவர் செய்யக்கூடியது, படம் எந்த வெளிச்சத்தில் மாட்டப்படப் போகிறது என்று கேட்டு அந்த வெளிச்சத்தில் திருத்துவது. அது தெரியாவிட்டால் நேர்வெயில் படாத வாசல் நிழல், காலை ஒன்பது பத்து மணி.

இன்னொன்று, படத்தை எடுத்த கையோடு நிறம் பார்க்க வேண்டாம். மை காயக் காய நிறம் சற்று நகரும். மாரிக்காலத்தில் வாவிக்கரை வீட்டில் பேப்பரே ஈரத்தை இழுத்து வைத்திருக்கும், காய்வதும் மெதுவாகும். பேப்பர்க் கட்டை உறையிலேயே வைத்திருந்து தேவையானதை மட்டும் எடுங்கள். எடுத்த படத்தை ஓர் இரவு விட்டுப் பாருங்கள்.

## எந்த ஒழுங்கில் தேடுவது

சாயல் வந்தால் பலரும் முதலில் போய் நிற்பது டிரைவரில் ஒவ்வொரு மையையும் கூட்டிக் குறைக்கும் கலர் ஸ்லைடரில். நான் அதைக் கடைசிக்குத் தள்ளுகிறேன், ஏனென்றால் அடியில் வேறு பிழை இருக்கும்போது ஸ்லைடரால் மூடி மறைத்தால், அந்தப் பிழை சரியான நாளில் படம் மறுபடி கெடும்.

முதலில் நொசில் செக். நொசில் என்பது மைத்துளி வெளிவரும் மயிரிழைத் துளை. மெஷின் ஒரு கோலம்போல் கோடுகளை அடித்துத் தரும். ஒரு நிறத்தில் கோடு அறுந்திருந்தால் அந்த மை குறைவாகப் போகிறது. அந்த அம்மாவின் படத்தில் எனக்குக் கிடைத்த முதல் பதில் இதுதான்: மஜென்டாவில் மூன்று கோடுகள் இல்லை. இரண்டு தடவை ஹெட் கிளீன், அதாவது துளைகளை மெஷினே சுத்தம் செய்யும் வேலை, செய்ததும் வந்தன. அதற்கும் மேல் விடாமல் கிளீன் செய்துகொண்டே போகாதீர்கள், மை வீணாகும். வரவில்லையென்றால் சில மணித்தியாலம் விட்டு மறுபடி பாருங்கள்.

இரண்டாவது, படம் உண்மையிலேயே கறுப்பு வெள்ளைதானா? படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று 0 முதல் 255 வரை மூன்று எண்கள் உண்டு. மூன்றும் சமமென்றால் சாம்பல். பழுப்பேறிய பழைய படத்தைக் கலரில் ஸ்கேன் செய்தால் அவை சமமாக இராது. அது பிரிண்டரின் குற்றமில்லை. ஸ்கேன் செய்வது கலரிலேயே இருக்கட்டும், அதில் ஒரு நன்மை உண்டு: மஞ்சள் கறை நீல வெளிச்சத்தை விழுங்குவதால் நீல எண்களில்தான் கறுத்துத் தெரியும். சிவப்பு எண்களை மட்டும் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கினால் கறையில் பெரும்பங்கு தானாக மறைந்துவிடும். முகம் தேய்க்காமலே சுத்தமாகும்.

அப்புறம் பேப்பர் வகை, அதன்பின் திருத்துபவர் ஒருவர்தானா என்பது. இரண்டும் மேலே சொன்னவை.

இதற்குப் பிறகும் சாயல் நின்றால் ஒரு சாம்பல் பட்டை செய்துகொள்ளுங்கள். 0, 25, 51, 76, 102 என்று 255 வரை பதினொரு கட்டம், ஒவ்வொன்றிலும் மூன்று எண்களும் சமம். அதைப் படம் எடுக்கப்போகும் அதே பேப்பரில், அதே செட்டிங்கில் எடுத்து, விரலளவுக்கு வெட்டி, காயவிட்டு வாசலில் பாருங்கள். முழுப் பேப்பர் தேவையில்லை, வெட்டி மிஞ்சின துண்டு போதும்.

பட்டை முழுக்க ஒரே சாயல் என்றால் இப்போது ஸ்லைடர். பச்சை என்றால் மஜென்டாவைக் கூட்டுங்கள், நீலம் என்றால் மஞ்சளை, சிவப்பு என்றால் சயனை. இரண்டு மூன்று எண்ணுக்கு மேல் ஒரே தடவையில் போக வேண்டாம். பாற்சோற்றில் சிட்டிகை என்ன செய்யும் என்று தெரியும்தானே.

கறுத்த கட்டங்கள் பச்சையாகவும் வெளிர்ந்த கட்டங்கள் ரோசாவாகவும் இருந்தால் ஸ்லைடரை விட்டுவிடுங்கள். ஸ்லைடர் முழுப் பட்டையையும் ஒரே பக்கம் தள்ளும், ஒரு முனை சரிவந்தால் மறுமுனை இன்னும் கெடும். குறிப்புக்கும் மைக்கும் பொருத்தமில்லை என்பதன் அடையாளம் இது. வேறு மை ஊற்றின மெஷின்களில் அடிக்கடி காண்பது. அதற்கு மருந்து, அந்த மைக்கும் பேப்பருக்கும் என்று தனியாகச் செய்த புரொஃபைல். நூற்றுக்கணக்கான நிறக் கட்டங்களை எடுத்து, ஒவ்வொன்றும் திருப்பி அனுப்பும் வெளிச்சத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீற்றர் என்ற கருவியால் படித்துச் செய்வது அது. கருவி விலை கூடியது. அது கைக்கெட்டாதவர் குறிப்புக்குரிய மைக்கே திரும்புவது, அல்லது டிரைவரில் செப்பியாவைத் தெரிவு செய்து படம் முழுவதையும் தெரிந்தே பழுப்பாக்குவது. இலேசான பழுப்பு முகத்துக்கு உறுத்தாது, பழைய படத்துக்குப் பொருந்தும். ஆனால் வாங்குபவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

படம் நிறம் மாறாமல் கறுத்து மட்டும் வந்தால், அது இந்தக் கணக்கில் சேராது. பெரும்பாலும் திரையின் வெளிச்சம் கூடிக் கிடப்பதால் படம் அங்கே வெளிச்சமாகத் தெரிந்து ஏமாற்றியிருக்கும்; அதைக் குறைத்துவிட்டுப் படத்தைத் திருத்துங்கள்.

அந்த அம்மாவின் படத்துக்கு நொசில் சரிவந்த பிறகும் மெல்லிய பச்சை நின்றது. பட்டை முழுக்க ஒரேமாதிரி. மஜென்டாவை மூன்று கூட்டினேன். மூன்றாவது தடவை எடுத்த படத்தை இரவு முழுக்கக் காயவிட்டு, காலையில் அவர் வந்ததும் உள்ளே வைத்துக் காட்டாமல் வாசலில் வைத்துக் கொடுத்தேன். அவர் அதை வெளிச்சத்துக்கு இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, முந்தானையால் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு போனார். விரலளவு பட்டையை நான் வைத்துக்கொண்டேன். பின்பக்கத்தில் பேப்பரின் பெயர், மை, பேப்பர் டைப், மஜென்டா +3, திகதி என்று பென்சிலால் எழுதி மெஷின் மூடிக்குள் ஒட்டியிருக்கிறேன். அதே பேப்பரில் அடுத்த படத்துக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறேன்.